ஏழாவது மன்றாட்டு

தோமஸ் இறந்து இருபத்தெட்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குள் அவருடைய கம்ப்யூட்டர் பத்துத் தடவை செத்து, பத்துத் தடவையும் தானாகவே எழுந்துவிட்டது.

பத்தாவது தடவை அணைந்தபோது அவருடைய மகள் ஷர்மைன் மேசைக்கு அடியில் முழங்காலிட்டிருந்தாள். வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் அப்பாவின் ஸ்க்ரூடிரைவர். மேலே திரை கறுத்தது. கேசிங்குக்குள் விசிறி இழுத்து இழுத்து நின்றது. மூன்று விநாடி. பிறகு ஒரு சிறு சொடுக்குச் சத்தத்தோடு மறுபடி சுழன்றது. அவள் மணியைப் பார்த்துத் தரையில் கிடந்த நோட்டில் எழுதினாள்: 3.30. ஒன்பது நிமிஷம்.

அவளுடைய அண்ணன் டாரில் வாட்ஸப்பில் அனுப்பிய மரண அறிவிப்பில் நேரம் பதினொன்றரை என்று இருந்தது. அம்மா பாசாரிலிருந்து திரும்பி வந்து பார்த்த நேரம் அது. வந்திருந்த எல்லாரும் அதிலிருந்துதான் கணக்குப் போட்டார்கள். ஷர்மைனின் கணக்கு நாற்பது நிமிஷம் முன்னால் தொடங்கியது. ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் ஹாலில் சவப்பெட்டி வைத்த ஸ்டாண்டின் சக்கரங்கள் தெரிந்தன. அதைச் சுற்றிச் செருப்பில்லாத கால்கள். அழுகிற கால்களும் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கிற கால்களும் கீழேயிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. அவற்றில் ஒரு ஜோடி, கறுப்பு சாக்ஸ் போட்டது, அவள் பக்கமாக நடந்து வந்து நின்றது. கோயிலில் தமிழ்ப் பாடற்குழுவை நடத்துகிற மனோகரன்.

“என்னம்மா, ஆச்சா?”

“இல்ல அங்கிள்.”

“ஃபோட்டோஸ்டேட் கட ஆறு மணிக்கு மூடிருவான். எரநூறு காப்பி. மடிக்கணும், பின் அடிக்கணும். நாளைக்கு ரெண்டு மணிக்குப் பூச.”

“தெரியும் அங்கிள்.”

“இல்லம்மா, சும்மா சொன்னேன்.”

மனோகரன் சும்மா சொல்வது இது நாலாவது தடவை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனார். பேசுவதற்கும் கனைப்பார், போவதற்கும் கனைப்பார், பாடும்போது மட்டும் அந்தத் தொண்டை ஏனோ சரியாகவே ஆவதில்லை.

மலேசியாவில் பத்து பாகாட் ஊரில் தமிழ்க் கத்தோலிக்கர் யார் செத்தாலும் அடக்கப் பூசைக்கான சிறு புத்தகத்தை தோமஸ்தான் போடுவார். முன்னால் படம், உள்ளே பாட்டுகள், வாசகங்கள், மன்றாட்டுகள். பதினெட்டு வருஷமாக ஒரே ஃபைல். ஆள் சாகச் சாகப் பெயரை மட்டும் மாற்றுவார். அதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு கிழவியின் பூசையில், அதற்கு முந்தின மாதம் அடக்கமான லாரி டிரைவருக்காகக் கோயிலே எழுந்து நின்று மன்றாடியது. கிழவியின் மகன் சண்டைக்கு வந்தபோது, “கடவுளுக்கு ஆளு தெரியும்பா,” என்றார் தோமஸ்.

இப்போது அவருக்கே புத்தகம் தேவைப்பட்டது. வேறு யாராவது புதிதாக அடிக்கலாம் என்றால் மனோகரன் ஒத்துக்கொள்ளவில்லை. தோமஸ் போட்ட வரிசைதான் வேண்டும், தோமஸ் எடுத்த பாட்டுகள்தான் வேண்டும். ஷர்மைன் ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றித் தன் லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். ஏதோ காலத்துத் தமிழ் எழுத்துரு அது. திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. எழுத்துருவையும் சேர்த்து எடுத்துப்போய்ப் பார்த்தாள். இப்போது தமிழ் வந்தது, ஆனால் கொம்பும் சுழியும் எழுத்தைவிட்டு விலகித் தனியாகத் திரிந்தன. அப்பாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது ஒழுங்காகத் தெரிந்தது. அங்கேயே பெயரை மாற்றி, அங்கேயே பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிடிஎஃப் ஆக்கச் சொன்ன மாத்திரத்தில் அது செத்துவிடும்.

“ஷர்மி, இது வைரஸ்லா,” என்றான் டாரில். அவன் மேசைமேல் சாய்ந்து மைலோ பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தான். “பேசிக்கலி, ஃபார்மட் பண்ணா சரியாயிரும்.”

டாரில் சிங்கப்பூரில் ஐடியில் இருக்கிறான். கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் போன் செய்கிறவர்களுக்குப் புதுக் கடவுச்சொல் கொடுக்கிற வேலை. சொந்தக்காரர்கள் அதை இன்ஜினியர் என்பார்கள். அவனும் மறுத்ததில்லை.

“ஃபார்மட் பண்ணா எழுத்துருவும் போயிரும்ணே.”

“அப்ப ஹார்ட் டிஸ்க்க கழட்டி என் லேப்டாப்ல மாட்டு. பிரச்சன முடிஞ்சிது.”

அவள் கழற்றி மாட்டினாள். கம்பெனி லேப்டாப் வெளி டிஸ்க் எதையும் ஏற்காது என்று சிவப்பில் ஓர் அறிவிப்பு எழுந்தது. பத்து விநாடி கழித்து, இந்த முயற்சி மேலதிகாரிக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்று இன்னொன்று.

“செக்யூரிட்டி,” என்றான் டாரில், அதைத் தானே செய்து வைத்த மாதிரி. பிறகு முகம் மாறி, “கழட்டு, கழட்டு,” என்றான்.

அத்தைக்கு வேறு வைத்தியம் தெரிந்திருந்தது. தோமஸின் அக்கா பிரேமலா, தங்காக் ஊரில் துணிக்கடையில் முப்பது வருஷம் சேலை விரித்துக் காட்டியவள். பார்த்ததையெல்லாம் விரித்துக் காட்டாமல் அவளால் இருக்க முடியாது. சவப்பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்த கையோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

“தம்பி உக்காந்தே போன எடம். அதான் இது அடங்க மாட்டுது.” திறந்து கிடந்த கேசிங்கை நோக்கிக் கை நீண்டது.

ஷர்மைன் குறுக்கே பாய்ந்தாள். தீர்த்தம் அவள் தலையில் விழுந்தது.

“கரண்ட் அத்த!”

“சாமி தண்ணிக்குக் கரண்ட் என்னாடி பண்ணும்?”

“அதுக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்குத்தான் ஆவும்.”

பிரேமலா பாட்டிலை மூடிக்கொண்டாள். போகிற போக்கில், ஹாலுக்குக் கேட்கிற குரலில், “படிச்ச திமிரு,” என்றாள்.

படித்ததுதான். பௌதிகத்தில் பட்டம். அதை வைத்துக்கொண்டு அவள் இப்போது ஒரு பிஸ்கட் பாக்டரியின் சோதனைக் கூடத்தில் பிஸ்கட்டின் ஈரம் அளக்கிறாள், மதியம் ரெண்டிலிருந்து ராத்திரி பத்துவரை ஷிஃப்ட். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மனிதர்களைவிட பிஸ்கட் மேல். ஈரமாக இருந்தால் ஈரம் என்று காட்டும்.

அவள் வேலையை முறையாகச் செய்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, எழுதுவது, காத்திருப்பது. முதலில் தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியபோது பஞ்சுப் பஞ்சாக விழுந்தது, கூடவே ரெண்டு பல்லி முட்டை. ஏழு நிமிஷத்தில் செத்தது. பிறகு வேறு சுவிட்ச், வேறு வயர். எட்டு நிமிஷம். சூடோ என்று கை வைத்துப் பார்த்தாள். இல்லை. குளிர்ந்த நிலையில் போட்டாலும் அதே கதை.

நாலு மாதமாக இதே கதைதான். “ஷர்மி, நீ ஒருவாட்டி தெறந்து பாரேன், சயின்ஸ் படிச்ச புள்ள,” என்று அப்பா சாப்பிடும்போது சொல்வார். “பிசிக்ஸ் படிச்சா மெக்கானிக் இல்லப்பா. குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க,” என்பாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் பனியன் பாக்டரியில் இருபத்தாறு வருஷம் மெஷின் பார்த்தவர். நூறு மெஷின் ஓடுகிற கூடத்தில் எதில் ஊசி முறிந்தது என்று வாசலில் நின்றே சொல்வாராம். அவரே சொன்னதுதான், யாரும் சாட்சியில்லை. அப்படிப்பட்டவர் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், கேசிங்கின் ஒரு பக்கத்தைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைப்பதும், செத்தால் உள்ளங்கையால் ஒன்று போடுவதும்தான்.

ஹாலில் பிரேமலா மறுபடி விரிக்க ஆரம்பித்திருந்தாள்.

“சுகர் ஆளு, பிரஷர் ஆளு. அவன விட்டுட்டுப் பாசாருக்குப் போற நேரமா அது?”

“சமைக்க ஒண்ணுமில்ல அண்ணி.” அது அம்மா. கெர்ட்ரூட் நேற்றிலிருந்து சவப்பெட்டியின் தலைமாட்டில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். “ஷர்மி வீட்டுல இருந்தா.”

“அவ குளிச்சிட்டு இருந்தாளாம்ல. சின்னப் புள்ள. அவளுக்கு என்னா தெரியும்? பொண்டாட்டிக்குத் தெரிய வேணாமா? தண்ணிக்குக் கூப்பிட்டானோ, என்னாத்துக்குக் கூப்பிட்டானோ. நாதியில்லாம போயிட்டான்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எப்போதுமே அப்படித்தான். யார் எதைத் தூக்கி வைத்தாலும் கை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

நேற்றிலிருந்து அம்மா அவளிடம் ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்டிருந்தாள். “அப்பா கூப்பிடவே இல்லையா ஷர்மி?” ஐந்து தடவையும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். “நான் குளிச்சிட்டு இருந்தேம்மா. தண்ணி சத்தம்.”

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, அவள் குளிக்கவில்லை. அம்மாவின் அலறல் கேட்டு ஓடிவந்தபோது முந்தின நாள் போட்டுப் படுத்த சட்டையோடுதான் வந்தாள். தலைமுடி காய்ந்து சிக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டார் வந்தார்கள், கிளினிக் டாக்டர் வந்தார், போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த முடியைப் பார்க்கவில்லை. குளித்தேன் என்றாள், குளித்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவளுடைய சோதனைக் கூடத்தில் ஒரு பிஸ்கட்டுக்குக்கூட இதைவிட அதிகம் விசாரணை உண்டு.

நாலு மணி பத்துக்கு அவள் கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்தாள். எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது, எதனால் என்று அது தனக்குள் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். சாவுகளுக்கு நடுவில் எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் ஏதாவது ஒழுங்கு பிடிபடலாம் என்று நினைத்தாள். அதை மட்டும்தான் நினைத்தாள். சிவப்பு வரிகளைக் கீழே உருட்டிக்கொண்டு போனபோது செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை 10.43.

மற்ற வரிகளில் காரணம் தெரியவில்லை என்று இருந்தது. இதில் மட்டும் வேறு. யாரோ பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்திருந்தார்கள். 10.44க்கு மறுபடி போட்டிருந்தார்கள்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட வேண்டும் என்று தோன்றிய நேரத்தில் டாரிலின் மைலோ வாசனை தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது.

“இதென்னா எல்லாம் சிவப்பா இருக்கு? கிரிட்டிகல், கிரிட்டிகல்... அலமாக், எத்தன வைரஸ்!” அவள் கையிலிருந்து மவுஸை வாங்கினான். சரியாக அந்த வரியின்மேல் வந்து நின்றான். “பாரு, செவ்வாக்கெழம காலையில. பத்து நாப்பத்தி மூணு. அன்னைக்கும் வந்துருக்கு.”

படி, என்று நினைத்தாள். கீழே இன்னும் ரெண்டு வரி படி. யார் அணைத்தார்கள் என்று கேள். அந்த நேரத்தில் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேள்.

“நான் அப்பவே சொன்னேன். வைரஸ்,” என்று டாரில் மவுஸை விட்டான். வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் யாரோ வந்த சத்தம் கேட்டு எழுந்து போனான்.

இவ்வளவு பெரிய முட்டாள் அண்ணனாக வாய்த்ததற்கு அவள் முதல் தடவையாக நிம்மதிப்பட்டாள். திரும்பிப் பார்த்தாள். ஹாலில் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா பத்து நாப்பத்தி மூணு?”

“ஒண்ணுமில்லம்மா. கம்ப்யூட்டர் ஆஃப் ஆயி ஆன் ஆன நேரம்.”

“செவ்வாக்கெழமையா?”

“ம்.”

அம்மா வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

மிச்சமிருந்தது ரேம், கம்ப்யூட்டரின் நினைவகம். விரல் நீளத்தில் ரெண்டு பச்சை அட்டைகள், பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன. ரெண்டையும் பிடுங்கி, பொன் நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகினாள். ஆறு நிமிஷம். ஒன்றை எடுத்துவிட்டு முதலாவதை மட்டும் வைத்தாள். நாலு நிமிஷத்தில் திரை நீலமாகிச் செத்தது. அதை எடுத்துவிட்டு ரெண்டாவதை மட்டும் வைத்தாள். நாலு ஆயிற்று. எட்டு. பத்து. பன்னிரண்டாவது நிமிஷத்தில் மனோகரன் வந்து கனைத்துவிட்டுப் போனார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்து வேலை. பத்தாம் வகுப்புப் பையன் செய்வான். நாலு மாதம்.

கெட்ட அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, கழற்றிக் கிடந்த பக்கத் தகட்டைப் பூட்ட எடுத்தாள். உட்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. அப்பாவின் பால்பாயின்ட் எழுத்து, பாக்டரியில் மெஷின் அட்டையில் எழுதுகிற மாதிரி கட்டம் போட்டு. தேதி, செத்த நேரம், செய்தது. விசிறி துடைத்தது. பிளக் மாற்றியது. வயர் மாற்றியது. அவள் இன்று செய்த அதே வரிசை. கடைசிக் கட்டத்தில், ‘ரேம்? ஷர்மி லீவு நாளில் கேட்டுச் செய்யணும்’ என்று இருந்தது. தேதி போன மாதம்.

அவள் தகட்டைப் பொருத்தினாள். நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினாள். கடைசி ஸ்க்ரூ திரும்பாத பிறகும் இன்னும் ஒரு சுற்று இறுக்கப் பார்த்தாள்.

ஃபைலைத் திறந்தாள். கடைசியாக அடக்கமானவர் அந்தோணிசாமி. பெயரைத் தேடி மாற்றச் சொன்னாள். பதினோரு இடம். பதினோரு இடத்திலும் அந்தோணிசாமி போய் தோமஸ் வந்தார். முன்பக்கத்தில் படத்தை மாற்றினாள். சோதனைக்கு ஒருமுறை பிடிஎஃப் ஆக்கினாள். ஒரு முனகலும் இல்லாமல் ஆக்கிக்கொடுத்தது.

“ஆச்சு அங்கிள். அம்மா ஒருவாட்டி பாத்துட்டாங்கன்னா எடுத்துட்டுப் போலாம்.”

“நான் காடி எடுக்குறேன்,” என்று மனோகரன் காரை நோக்கி ஓடினார்.

கெர்ட்ரூட் எழுந்து வந்தாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்த கால்கள் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் நாற்காலியில் ஷர்மைன் இருந்தாள். அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள்.

பாட்டுகளை விட்டுவிட்டு நேராக மன்றாட்டுகளுக்கு வந்தாள். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, அடக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்காக. ஆறு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே, ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டிய வரி.

“இன்னொண்ணு சேக்கணும்.”

“என்னாம்மா?”

“நான் சொல்றேன். நீ அடி.” அம்மா கைக்குட்டையை மடியில் வைத்துக் கைகூப்பினாள். கோயில் தமிழில், ஏற்கெனவே பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள் மாதிரி, தடங்கலில்லாமல் சொன்னாள். “உம் அடியார் தோமஸின் கடைசி நேரத்தில், அவர் கூப்பிட ஆளில்லாமல், அவரைத் தனியே விட்டுப் போன அவருடைய மனைவி கெர்ட்ரூடை நீர் மன்னித்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

ஷர்மைனின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே இருந்தன.

“இதெல்லாம் எழுத வேணாம்மா.”

“அடி.”

“எரநூறு பேரு படிப்பாங்க.”

“படிக்கட்டும். அண்ணி என்னைய ஹால்ல வச்சு சொல்றத, சாமி முன்னால நானே சொல்லிட்டுப் போறேன்.”

“அத்த ஒரு லூசு. அவங்க சொல்றாங்கன்னு...”

“அவங்க சொன்னதுக்காக இல்லடி.” அம்மாவின் குரல் உயரவில்லை. “பத்து நாப்பத்தி மூணுக்கு அவரு உசுரோட இருந்துருக்காரு. அதத் தொட்டு ஏதோ பண்ணியிருக்காரு. அப்ப நான் எறா கடையில நின்னேன். உரிச்சுக் குடுன்னு அவங்கிட்ட வாயடிச்சிட்டு நின்னேன். உரிக்காம வாங்கிட்டு வந்துருந்தா வூட்டுல இருந்துருப்பேன். ஒரு கொரல் குடுத்திருந்தாக் கேட்டுருக்கும்.”

கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுகிற அம்மா, டாரில் உரக்கப் படித்த ஒரே ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, டாரிலுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தாள். போய், தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருந்தாள்.

வெளியே மனோகரன் ஹாரன் அடித்தார்.

“அடி ஷர்மி. கட மூடிருவான்.”

அவள் அடித்தாள். உம் அடியார். தோமஸின். கடைசி நேரத்தில். நாளை ரெண்டு மணிப் பூசையில் இதை யாராவது வாசிப்பார்கள். டாரில்தான் வாசிப்பான், கோட் போட்டுக்கொண்டு. எரநூறு பேர் எழுந்து நின்று, கேட்டருளும் என்பார்கள். அத்தை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வாள். அம்மா முதல் வரிசையில் தலைகுனிந்து நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஷர்மைனும் நின்று அதையே சொல்ல வேண்டும்.

அவர் கூப்பிட.

அங்கே நிறுத்தினாள். இப்போது செத்துவிடு, என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாள். ஒரே ஒரு தடவை. ஃபைல் கெட்டுப் போகட்டும், கடை மூடட்டும், மனோகரன் கத்தட்டும். நாலு மாதமாக வேண்டாத நேரமெல்லாம் செத்த பொருள். திரை வெளிச்சமாக, ஆடாமல் அசையாமல் நின்றது. அவள்தானே சரி செய்தாள்.

“ஆளில்லாமல்,” என்று அம்மா எடுத்துக்கொடுத்தாள். “கூப்பிட ஆளில்லாமல்.”

“நான் குளிக்கலம்மா.”

அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“ரூம்லதான் படுத்துருந்தேன். போன் பாத்துட்டு.” அவள் திரையைப் பார்த்தே சொன்னாள். “அப்பா கூப்பிட்டாரு. எப்பவும் கூப்பிடுற மாதிரிதான், ஷர்மின்னு. இது செத்துருச்சின்னு நெனச்சேன். எந்திரிக்கல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பான்னு படுத்துட்டே கத்துனேன். பண்ணியிருக்காரு. அதான் அந்தப் பத்து நாப்பத்தி மூணு. அப்புறம் பத்தம்பதுக்கு இன்னொருவாட்டி கூப்பிட்டாரு. நான் கதவச் சாத்திட்டேன்.”

ஹாரன் மறுபடி கேட்டது. ஹாலில் யாரோ புதிதாக வந்து அழ ஆரம்பித்தார்கள்.

அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். ‘அவர் கூப்பிட’ என்று பாதியில் நின்ற வரியை முதல் சொல்லிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள், உதடு அசைய, மெதுவாக, விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து.